புள்ளி சொன்ன பொய்

மூன்று நாளாக அந்த வீட்டில் இரண்டு பெண்களும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை என்று சொல்ல முடியாது. யாரும் குரலை உயர்த்தவில்லை, கதவை அறைந்து சாத்தவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை வயதுப் புள்ளி தன் ஸ்வெட்டரின் ஜிப்பைக் கீழிருந்து கழுத்துவரை தானே இழுத்துப் போட்டாள். உடனே அவளுடைய அம்மாவும் அப்பாவும் கூடத்தின் நடுவில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை மட்டும் படபடவென்று ஆட்டினார்கள். கைதட்டும் சத்தம் புள்ளிக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். அதனால் அந்த வீட்டில் கைதட்டல் என்றால் இப்படித்தான், சத்தமில்லாமல்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஜிப்பு போட்டதுக்கு இவ்வளவா? நாளைக்கு அவ தும்மினாக்கூட ரெண்டு பேரும் ஆட ஆரம்பிச்சிடுவீங்க போலிருக்கு," என்றாள்.

"அந்த ஜிப்புக்குப் பதினாலு மாசம் ஆச்சு அண்ணி," என்றாள் அம்மா. "நீங்க வந்து நாலு வாரம்தான் ஆகுது."

அவ்வளவுதான். அன்று ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் அத்தை பரண்மேலிருந்து தன் பெட்டியை இறக்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்கால் ரயிலில் இடமும் பிடித்துவிட்டாள்.

அத்தைக்கு ரயிலில் இடம் பிடிப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை. முப்பத்தொரு வருஷம் ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற நாலாவது மாதம் தம்பி கூப்பிட்டான் என்று வந்தாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எப்போது யார் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. தம்பி மனைவி பல் கட்டும் லேபில் வேலை செய்கிறாள். சிறப்புப் பள்ளியோ பகல் பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். மத்தியானங்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் இப்போது பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

புள்ளிக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் டாக்டர் சொன்னார். அதற்கும் முன்பே, தொட்டிலுக்கு எதிரே தொங்கிய புள்ளி போட்ட திரையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளாகப் பேசும் வார்த்தைகள் கொஞ்சம். மற்றபடி, அப்பாவோடு ஏறி இறங்கிய லிஃப்ட்களில் கேட்டதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தாள். யாராவது தொணதொணவென்று பேசினால், "கதவுகள் மூடுகின்றன," என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

* * *

செவ்வாய்க்கிழமை காலையில், "மூணு மணிக்கெல்லாம் வந்துடறேன் அண்ணி," என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்காக எதுக்கு வேலையை விட்டுட்டு வரணும்," என்று அத்தை செய்தித்தாளைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

நடுவில் அப்பா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கருவிப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பன்னிரண்டு மாடிக்கு நடுவே கம்பியில் தொங்குவது அவருக்கு இதைவிடச் சுலபம்.

லேபில் அம்மாவின் மேசைமேல் ஒரு பல்செட் மெழுகு நிலையில் காத்திருந்தது. யாரோ ஒரு பாட்டுக்காரருக்கு. முன்பற்கள் இரண்டும் பழைய மாதிரியே கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், வரிசையாக இருந்தால் தன் குரல் தனக்கே அன்னியமாகக் கேட்கிறது என்று எழுதி அனுப்பியிருந்தார். அம்மா விளக்குச் சுடரில் கத்தி முனையைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, இடது பல்லை அரை மில்லிமீட்டர் திருப்பினாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு கால் மில்லிமீட்டர்.

அவளுக்கு இது கைவந்த வேலை. வீட்டிலும் அதே கண்தான். மூடியில்லாத தம்ளரில் புள்ளி தண்ணீர் குடித்த நாள், சாப்பாட்டுத் தட்டில் பச்சை நிறத்தில் ஒரு பொருள் இருந்தும் தட்டைத் தள்ளாமல் இருந்த நாள், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும்போது ஓடாமல் நின்ற நாள், எல்லாவற்றுக்கும் தேதி சொல்வாள். பெரிய அடிகளுக்காக அவள் காத்திருப்பதில்லை. மகள் எவ்வளவு எடுத்து வைக்கிறாளோ அவ்வளவையும் பார்த்துவிடுவாள்.

"யோசிச்சியா?" பின்னாலிருந்து லேப் முதலாளியம்மா கேட்டாள்.

மெழுகுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மாதக் கடைசியில் போகிறார். அந்த இடத்துக்கு அம்மா வர வேண்டும் என்பது முதலாளியம்மாவின் விருப்பம். ஆனால் தினமும் ஆறு மணிவரை இருக்க வேண்டும்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இல்லேன்னா நான் வெளியிலதான் ஆள் பாக்கணும். எனக்கு அதில இஷ்டமே இல்ல."

"சொல்லிடறேன் மேடம்."

சொல்வதற்கு என்ன இருக்கிறது. நாலே முக்காலுக்கு ரயில் கிளம்பிவிடும். நாளை முதல் மத்தியானங்களுக்கு ஆள் கிடையாது. இருக்கிற வேலையையே பாதி நேரமாக்கிக் கொள்ளும்படிதான் கேட்க வேண்டியிருக்கும். அண்ணியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை அந்த வார்த்தையைச் சொன்ன வாயால், ஞாயிற்றுக்கிழமை 'இருங்க' என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை.

* * *

பள்ளி வேன் பன்னிரண்டே முக்காலுக்குத் தெருமுனையில் நின்றது. புள்ளி இறங்கினாள். வழக்கம்போல அத்தையின் முகத்தைப் பார்க்காமல், அவள் நிழலைப் பார்த்துக்கொண்டு கூட நடந்தாள்.

சாப்பாடு ரொட்டியும் வேகவைத்த முட்டையும். ஒன்றையொன்று தொடாமல் தட்டின் இரண்டு ஓரத்தில் இருக்க வேண்டும். முதல் வாரம் அத்தை இதைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் செய்தாள். இரண்டாம் வாரம் ஸ்கேல் வைத்ததுபோல இடைவெளி விட்டு வைத்துத் தரப் பழகிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பிட்டதும் ஒன்றேகால் மணிக்கு ஒரு காரியம் உண்டு. அத்தையின் கைப்பையில் பழைய காலத்து இடுக்கி ஒன்று இருந்தது, டிக்கெட்டில் ஓட்டை போடுவது. புள்ளி அதை எடுத்துவந்து அத்தையின் மடியில் வைப்பாள். அத்தை பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னச் சீட்டாக வெட்டிக் கொடுப்பாள். புள்ளி ஒவ்வொன்றாக வாங்கி, கிளிக் கிளிக்கென்று ஓட்டை போட்டு, திருப்பிக் கொடுப்பாள். ஒரு சீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அந்த ஒற்றை ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்ப்பாள். பிள்ளை ஓரிடத்தில் உட்காருகிறதே, அது போதும் என்று அத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று வாசற்கதவுப் பக்கத்தில் பெட்டி நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் அத்தையின் பழுப்புச் செருப்பு, வார் வைத்தது. குதிகால் வலிக்காக அளவெடுத்துச் செய்தது. வீட்டுக்குள் ரப்பர் செருப்போடு நடப்பாள். வெளியே அடி வைப்பதென்றால் அந்தப் பழுப்புச் செருப்பு இல்லாமல் முடியாது.

புள்ளி தட்டை அப்படியே விட்டுவிட்டு அங்கே போய் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள்.

"அத்தை ஊருக்குப் போறேன்," என்றாள் அத்தை. "இன்னிக்கு. ரயில்ல."

"கதவுகள் மூடுகின்றன," என்றாள் புள்ளி.

"ஆமா. மூடத்தான் மூடும்."

ஒன்றேகால் ஆயிற்று. அத்தை சீட்டுகளை வெட்டி அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுக்கி வரவில்லை. ஒன்றரை ஆயிற்று. புள்ளி கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

நாலு வாரம் மடியில் இடுக்கியைக் கொண்டுவந்து வைத்த பிள்ளை, போகிற நாளில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையா எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று அத்தைக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. நாற்காலியில் தலையைச் சாய்த்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது மணி இரண்டரை. புள்ளி பின்கட்டில் சலவை இயந்திரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் ஓடவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலைந்து துண்டுகள் சுருண்டு கிடந்தன. ஓடாத இயந்திரத்தில் அப்படி என்ன தெரிகிறதோ என்று நினைத்துக்கொண்டே அத்தை முகம் கழுவப் போனாள்.

* * *

அம்மா சொன்னபடி மூன்று மணிக்கு வந்துவிட்டாள். அப்பா மூன்றரைக்குக் கம்பெனி வேனோடு வந்தார், நெற்றியில் கிரீஸ் கறையோடு.

"கிளம்பலாமா அக்கா? நாலு மணிக்கு இங்கேருந்து புறப்பட்டாச் சரியா இருக்கும்."

அத்தை வாசலுக்கு வந்தாள். வலது செருப்பைப் போட்டாள். இடது காலைத் தூக்கியபடி நின்றாள்.

"இன்னொண்ணு எங்கே?"

அப்பா பெட்டியை நகர்த்திப் பார்த்தார். செருப்பு அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். அம்மா படிக்கட்டுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இல்லை.

"இதுக்கு ஏன் நாம அலையணும்," என்றார் அப்பா. "ஆளைக் கூப்பிட்டாப் போச்சு. புள்ளி, அத்தையோட செருப்பு எங்கே?"

அந்த வீட்டில் எது தொலைந்தாலும் இதுதான் வழக்கம். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது புள்ளிக்கு எப்போதும் தெரியும். கேட்டால் பேசமாட்டாள், நேராக நடந்துபோய் எடுத்துவந்து கையில் வைப்பாள். அப்பாவின் பையிலிருந்து விழுந்த அரிசி அளவுத் திருகாணியைக் கட்டில் காலுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தவள். அவளிடம் கேட்டுக் கிடைக்காத பொருள் இதுவரை கிடையாது.

புள்ளி தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள்.

அம்மா திரும்பினாள். "என்ன சொன்னா?"

"தெரியாதாம்," என்றார் அப்பா.

"அந்த வார்த்தையை அவ இதுவரைக்கும் சொன்னதே இல்லீங்க."

"பள்ளிக்கூடத்தில யாராவது சொல்லியிருப்பாங்க. சரி, வேற யோசிப்போம். அக்கா, ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிடலாமா?"

அத்தை ஒற்றைக் கால் செருப்போடு நின்றபடி புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கான முகங்களுக்கு முன்னால் நின்று 'டிக்கெட்' என்று கை நீட்டிய பெண்மணி அவள். பர்ஸைத் துழாவுகிறவர், தூங்குவதுபோல நடிப்பவர், ஜன்னலுக்கு வெளியே திடீரென்று மும்முரமாக எதையோ பார்ப்பவர், எல்லாரையும் பார்த்தாயிற்று.

"அவ பொய் சொல்றா," என்றாள் அத்தை.

அம்மாவின் முகம் சிவந்தது. மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அண்ணி, போற நேரத்தில எதுவும் வேண்டாம். ஜிப்புக்குச் சிரிச்சீங்க, சரி. இதைச் சொல்லாதீங்க. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவளால முடியாது."

"முடியாதுன்னு யாரு சொன்னா?"

"எழுதியே குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி பேச்சுப் பயிற்சி டீச்சர் பரிசோதனை பண்ணாங்க. ஒரு பொம்மை கூடையில பந்தை வச்சிட்டு வெளியே போயிடும். இன்னொரு பொம்மை பந்தை எடுத்துப் பெட்டியில வச்சிடும். முதல் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும்னு கேட்டாங்க. இவ பெட்டியைக் காட்டினா. பந்து அங்கதானே இருக்கு. அந்தப் பொம்மைக்கு அது தெரியாதுங்கிறது இவளுக்குப் புரியலைன்னு சொன்னாங்க. தனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னுதான் நினைச்சுக்கிறாளாம். அப்படிப்பட்டவ எப்படி அண்ணி பொய் சொல்லுவா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி," என்றாள் அத்தை.

"ஆமா."

"ஏம்மா, ஜிப்பைத் தானே போடறான்னு ஊரைக் கூட்டறது நீ. இப்ப அவளால முடியாதுன்னு சொல்றதும் நீயா?"

அம்மா புள்ளியின் பக்கம் திரும்பினாள்.

"சும்மா நின்னு பாரு," என்றாள் அத்தை. "ரெண்டு பேரும் பேசாம நில்லுங்க."

அத்தை போட்டிருந்த வலது செருப்பையும் கழற்றினாள். வெறுங்காலோடு மெதுவாகச் சமையலறைக்குள் போனாள். "செருப்பு இங்கே இருக்குமோ," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஒரு கதவைத் திறந்து மூடினாள். புள்ளி மின்விசிறியைப் பார்த்தபடி உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அத்தை படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். புள்ளியிடம் மாற்றமில்லை.

அத்தை பின்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

ஆட்டம் நின்றது.

இரண்டடி வைத்தாள் அத்தை. சலவை இயந்திரத்துக்கு இன்னும் நாலடிதான் இருந்தது. அப்போது புள்ளி ஓடிவந்தாள். தானாக யார் கையையும் தொடாத புள்ளி, அத்தையின் இரண்டு விரல்களைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். பின்கட்டுக்கு நேரெதிராக, கூடத்தைத் தாண்டி, பால்கனிக் கதவுவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"அங்க," என்றாள், பூந்தொட்டிகளைக் காட்டி. "செருப்பு அங்க."

அத்தை ஒரு சிரிப்பும் சிரிக்கவில்லை. பால்கனிக்குப் போய் ஒவ்வொரு தொட்டியாக நகர்த்திப் பார்த்தாள். மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். துடைப்பத்துக்குப் பின்னால் பார்த்தாள். முப்பத்தொரு வருஷத்தில் எந்த ரயில் பெட்டியையும் அவள் இவ்வளவு சிரத்தையாகச் சோதித்திருக்க மாட்டாள்.

"இங்கே இல்லையே புள்ளி."

"தெரியாது," என்றாள் புள்ளி. அவளுடைய வாயின் ஓரம், இடது பக்கம், ஒரு நூல் அளவு மேலே ஏறி இறங்கியது.

அதை அம்மா பார்த்துவிட்டாள். அரை மில்லிமீட்டரைத் தவறவிடாத கண் அல்லவா.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அப்பாவுக்குப் புரியவில்லை. பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால், துண்டுகளுக்கு நடுவே, பழுப்பு வார் ஒன்று தெரிந்தது.

"மெஷின்லதான் இருக்கு," என்று கிசுகிசுத்தார். "துண்டை வேற மேல போட்டு மூடியிருக்கா."

"தூங்கினேனே, அப்பதான் பண்ணியிருக்கா," என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி. "யோசிச்சுப் பாரு. ரப்பர் செருப்போட நான் வெளியே போறதில்லைன்னு கவனிச்சிருக்கா. பழுப்புச் செருப்பு இல்லேன்னா நான் போக முடியாது. ரெண்டையும் எடுத்தா உடனே தெரிஞ்சிடும், ஒண்ணு போதும். நான் கண்ணை மூடற வரைக்கும் காத்திருந்திருக்கா. எடுத்து, மூடி, மேல துணியைப் போட்டு. அப்புறம் கேட்டாத் தெரியாது. கிட்டப் போனா வேற பக்கம் இழுக்கறது. என் சர்வீஸ்ல டிக்கெட் இல்லாம வந்த பெரிய பெரிய மனுஷங்க இதில பாதிகூட யோசிச்சதில்ல."

"ஆனா பொய்யாச்சே அக்கா," என்றார் அப்பா, பாதி பெருமையும் பாதி கவலையுமாக. "இதுக்கு நாம சந்தோஷப்படலாமா?"

அத்தை தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடத்தின் நடுவே வந்து நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். தோள்பட்டை வலி காரணமாக ஒரு கை கொஞ்சம் தாழ்வாகத்தான் போயிற்று. பத்து விரல்களையும் படபடவென்று ஆட்டினாள். சத்தமே இல்லாமல்.

அம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று கைகளைத் தூக்கினாள். அப்பாவும் தூக்கினார். எதற்காக இந்தப் பாராட்டு என்று புள்ளிக்குப் புரியவில்லை. இருந்தாலும் விரல்கள் ஆடுவது அவளுக்குப் பிடிக்கும். மூன்று ஜோடிக் கைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

* * *

மணி நாலேகால் ஆகிவிட்டது.

"அக்கா, இப்பப் புறப்பட்டாத்தான் ரயிலைப் பிடிக்கலாம். செருப்பை எடுத்துட்டு வரட்டுமா?"

"எந்தச் செருப்பு?"

"மெஷின்ல..."

"தொடாதே," என்றாள் அத்தை. "அவ ஒளிச்சு வச்சிருக்கா. அது எங்கே இருக்குன்னு நமக்கு யாருக்கும் தெரியாது. புரியுதா? முதல் தடவை இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்கா, அது தோத்துப் போச்சுன்னு இருக்கக் கூடாது."

நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். ரயில் விஷயம் அதோடு முடிந்தது.

அப்பா பெருமூச்சு விட்டார். "அப்பாடா. இவளும் லேபுக்குப் போன் பண்ணிச் சரின்னு சொல்லிடலாம்."

"என்னத்துக்குச் சரி?"

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அத்தையிடம் பாதி சொல்லித் தப்பித்தவர் யாருமில்லை. இரண்டு கேள்வியில் விஷயம் முழுதும் வெளியே வந்தது. மெழுகுப் பிரிவு, ஆறு மணி வேலை, ஐந்து மணிக் கெடு எல்லாம்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக நேராக.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது அண்ணி? சனிக்கிழமை அப்படிப் பேசிட்டு, இருங்கன்னு கேக்க முடியுமா?"

"உனக்கும் கேக்கத் தெரியலை. அந்தப் பிள்ளைக்காவது வார்த்தை இல்லை. உனக்கு என்ன கேடு?"

அம்மா சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு அண்ணி," என்றாள்.

"தப்பு இல்ல. நாலு வாரம்தான் ஆகுது, கணக்குச் சரி. நான் பாக்க வேண்டியதைப் பாக்காம இருந்துட்டேன். தினமும் ஒண்ணேகாலுக்கு மடியில கொண்டுவந்து வச்சாளே, அது வெறும் இடுக்கின்னுதான் நினைச்சேன்." கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மணி ஆகுது. போய்ப் போனைப் போடு."

அம்மா பால்கனிக்குப் போய்ப் போனைப் போட்டாள். "சரி மேடம். நான் பாத்துக்கறேன்," என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது.

திரும்பி வந்தவள் புள்ளியின் எதிரே உட்கார்ந்தாள். அவள் முகத்தைத் திருப்ப முயலவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த தரைக் கட்டத்தையே தானும் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"போகாதே. அத்தை, போகாதே. இப்படியும் சொல்லலாம் புள்ளி."

புள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பிச் சொல்லவில்லை. எழுந்துபோய் அத்தையின் கைப்பையைத் திறந்து, இடுக்கியை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள்.

"மணி தப்பிப்போச்சு, பரவாயில்ல," என்று சொல்லி அத்தை சீட்டுகளை எடுத்தாள்.

* * *

ஐந்தரைக்கு அம்மாவின் போன் அடித்தது. தெரியாத எண்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. எல்லாக் குழந்தைகளும் படிக்கும் சாதாரணப் பள்ளி. ஆறு மாதத்துக்கு முன்பு அங்கே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் வராது என்று முடிவுகட்டி அம்மா மறந்தே போயிருந்தாள்.

"ஒரு இடம் காலியாயிருக்கு. நாளைக் காலையில பத்து மணிக்குக் கொழந்தையைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்றது அந்தக் குரல். "பயப்பட வேண்டாம். சும்மா நாலு கேள்விதான் கேப்பேன். பேர் என்ன, வயசு என்ன, இது என்ன நிறம். அவளா வாயைத் திறந்து சரியான பதில் சொன்னாப் போதும், சேத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பாவுக்கு உட்கார முடியவில்லை. "இந்தக் கேள்வியெல்லாம் ஒரு வருஷமாப் பழக்கின கேள்வியாச்சே. தூக்கத்தில எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவா."

"எதுக்கும் ஒரு தடவை கேட்டுடுவோம்," என்றாள் அம்மா. "புள்ளி, உன் பேர் என்ன?"

புள்ளி ஒரு சீட்டில் கிளிக்கென்று ஓட்டை போட்டாள்.

"தெரியாது," என்றாள்.

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, உனக்கு என்ன வயசு?" என்று அப்பா கேட்டார்.

"தெரியாது."

அத்தை தன் சிவப்புக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "இது என்ன நிறம்?"

"தெரியாது," என்றாள் புள்ளி, கேள்வி முடிவதற்கு முன்பே.

நாளைக் காலை பத்து மணிக்கு இன்னும் பதினாறரை மணி நேரம்தான் இருந்தது. புள்ளி இடுக்கியைக் கீழே வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அடுத்து அப்பாவின் முகத்தை. அதன் பிறகு அத்தையின் முகத்தை. தான் சொன்ன ஒரு வார்த்தை ஒவ்வொரு முகத்திலும் என்ன செய்கிறது என்று, இத்தனை வருஷத்தில் இல்லாதபடி, நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள்.